பழப்புளியில் துலக்கிய கல்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதை நானே சொல்வேன். என் கணவர் சொன்னால்தான் கோபம் வரும். டென்மார்க்கில், வைலே நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீரைக் குடித்து முடிக்கும் முன்பே கோப்பையை வாங்கிக் கழுவிவிடுவேன். ஒருமுறை ஒருவர், "நான் இன்னும் குடிச்சு முடிக்கேல்லை" என்று கையை நீட்டியபடியே இருந்தார். அதற்குள் கோப்பை துடைத்து அலுமாரிக்குள் போயிருந்தது.

தொழிலும் அதுதான். முப்பது வருடமாகத் துப்புரவு வேலை. பள்ளிக்கூடம், அலுவலகம், இப்போது ஒரு முதியோர் இல்லம். கையுறை தருவார்கள். போடு, போடு என்று சொல்லியே அலுத்துப்போனார்கள். நான் போடமாட்டேன். கை கையுறைக்குள் இருந்தால் அழுக்குப் போனதா இல்லையா என்று விரலுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிடிவாதத்தின் பலன் கையிலேயே இருக்கிறது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொம்யூன் என்கிற நகரசபைக்குப் போனால் அங்குள்ள மெஷின் என் விரலை ஏற்காது. கடைசியாகப் போனபோது அங்கிருந்த பெண் மெஷினைத் துடைத்தாள், என் விரலைத் துடைத்தாள். நான் அவளிடம் துணியை வாங்கி மேசையையும் துடைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கைகளைப் பற்றி ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அவளுடைய சிநேகிதியின் தாய் பல்வைத்தியர். அந்த வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், "அம்மா, ஏன் உங்கட கை இப்பிடி?" என்று கேட்டாள். கக்கூஸ் கழுவின கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அது ஊரிலை சண்டைக்குள்ளை வந்தது, குஞ்சு" என்றேன். பிள்ளை அதை மனதில் வைத்திருந்து, பத்து வயதில் பள்ளியில் கட்டுரையாக எழுதி வாசித்தும் விட்டாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் வகுப்பு ஆசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார். நான் என்ன செய்தேன்? அவருக்கு ஆறுதல் சொன்னேன். பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை.

அந்த மகள் இப்போது கோப்பன்ஹேகனில் கல்லும் மண்ணும் படிக்கிறாள். கோயிலில் காண்கிறவர்கள், "மகள் டொக்டருக்கோ, எஞ்சினியருக்கோ?" என்று கேட்பார்கள். "கல்லுப் படிக்கிறாள்" என்பேன். அடுத்த கேள்வி வராது. அது எனக்கு வசதி.

போன இலையுதிர்கால விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்த நேரம் சரஸ்வதி பூசையும் வந்தது. எங்கள் வீட்டில் அன்று புத்தகங்களை எல்லாம் சாமிக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. காலையில் மகளின் அறைக் கதவைத் தட்டி, உன்னுடைய எதை வைக்கட்டும் என்று கேட்டேன். போர்வைக்குள் இருந்தே பதில் வந்தது.

"பைக்குள்ளை சின்னப் பெட்டி ஒண்டு இருக்கு அம்மா. அதுக்குள்ளை இருக்கிற கல்லை வைங்கோ. இந்த வருஷம் அதுதான் என்ரை புத்தகம். கவனமாத் தூக்குங்கோ."

கவனமாகத்தான் தூக்கினேன். கறுப்புக் கல், என் பெருவிரல் நீளம். பார்த்தால் கல், வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரத்தில் மண்ணிறமாகக் கண்ணாடி. உடம்பெல்லாம் பொளிந்த அம்மிபோலக் குழி குழியாக இருந்தது. குழிகளுக்கு இடையே புழு ஊர்ந்த மாதிரி நெளிநெளியாகக் கோடுகள். அதெல்லாம் சரி. ஒவ்வொரு குழிக்குள்ளும் செம்மண் அப்பிக் கிடந்தது. அம்மாளாச்சி! இந்த ஊத்தையோடு சாமிக்கு முன்னால் வைப்பதா?

அப்போது நான் குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தேன். பழப்புளி கரைத்து வைத்திருந்தது, பழைய பல் பிரஷும் கையில் இருந்தது. விளக்கு முடிந்ததும் கல்லை எடுத்தேன். சுடுதண்ணீரில் ஊறவைத்து, புளி போட்டு, குழி குழியாக விட்டுத் தேய்த்தேன். பிரஷ் போகாத இடத்துக்குப் பல்லுக்குத்தும் குச்சி. ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். தண்ணீர் முதலில் சிவப்பாக ஓடியது, பிறகு தெளிந்தது. கல் பளபளவென்று மினுங்கியது. சந்தனமும் குங்குமமும் வைத்து, பட்டுத் துணி விரித்து, அவளுடைய புத்தகங்களுக்கு மேலே வைத்தேன். பூசைநேரம் மகள் தூரத்தில் நின்று, பூவுக்கும் சந்தனத்துக்கும் நடுவே கல்லைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை புட்டுச் சாப்பிடும்போது தகப்பன் கேட்டார், "என்ன பிள்ளை, அது ஆகாயத்திலை இருந்து விழுந்த கல்லோ?"

மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி தமிழ், பாதி டேனிஷ் என்று சொல்லிக்கொண்டு போனாள். இது அல்ல, வானத்திலிருந்து வந்தது வேறு, ஒரு பெரிய விண்கல். அது வந்து அடித்த அடியில் பூமியின் மண்ணே உருகி, மேலே தெறித்துப் பறந்து, பறக்கும்போதே ஆறிக் கண்ணாடியாகி, எங்கேயோ தூரத்தில் போய் விழுந்திருக்கிறது. பல லட்சம் வருடங்களுக்கு முந்திய கதை.

"அப்ப அந்தக் குழியள்? விழுந்த அடியிலை வந்ததோ?"

"அதுதானப்பா கேள்வியே. பறக்கேக்கை காத்து அரிச்சு வந்தது எண்டு முந்தி கனபேர் சொன்னவை. விழுந்த பிறகு ஈரமண்ணுக்குள்ளை கிடந்து, மண்ணிலை இருக்கிற புளிப்பு மெல்ல மெல்லக் கண்ணாடியைத் திண்டது எண்டு மற்றவை சொல்லுகினம். இதிலை எது எவ்வளவு எண்டு பார்க்கிறதுதான் என்ரை வேலை. குழிக்குள்ளை இருக்கிற மண்ணை எடுத்து, கண்ணாடி கரைஞ்ச அடையாளம் அதுக்குள்ளை இருக்கோ எண்டு பார்க்கவேணும்."

"மண்ணோ முக்கியம்?" என்றார் தகப்பன்.

"மண்தான் முக்கியம். விக்கிறவை எல்லாரும் கழுவிப்போட்டுத்தான் விப்பினம். கழுவாத கல்லு எங்கட ஆசிரியையின்ரை மேசை லாச்சியிலை இது ஒண்டுதான் இருந்தது. என்னை நம்பித் தந்தவ."

புட்டைத் தட்டோடு தள்ளிவைத்தேன். தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று, நேற்று அந்தச் சிவப்புத் தண்ணீர் ஓடின துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விசரி, ஆரைக் கேட்டுக் கழுவினாய்? அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம்கூட இல்லை.

சொல்லவில்லை. தகப்பனும் மகளும் கடைக்குப் போனார்கள். அவர்கள் கார் திரும்பியதும் கல்லை எடுத்துவந்தேன். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு: மேசையிலிருந்து எதைத் தூக்கினாலும், துடைத்தபின் தூக்கின இடத்திலேயே வை, நீ வந்துபோனது தெரியக் கூடாது. முப்பது வருடம் அப்படியே பழகின கை. மண்ணை எடுத்தேன், மண்ணைத் திருப்பி வைத்தால் சரி என்று அந்தக் கை நினைத்தது. தலை என்ன நினைத்தது என்று கேட்காதீர்கள், அந்த நேரம் எனக்குத் தலையே இல்லை.

யன்னலடியில் பூச்சாடியில் கறிவேப்பிலை நிற்கிறது. டென்மார்க் குளிரில் பிள்ளை வளர்ப்பதைவிடக் கஷ்டப்பட்டு வளர்த்த கன்று. அந்தச் சாடி மண்ணை அரித்து, ஈரமாக்கி, பல்லுக்குத்தும் குச்சியால் ஒவ்வொரு குழியாக அடைத்தேன். ஹீட்டருக்கு மேல் வைத்துக் காயவிட்டேன். நேற்றையதைப் போலவே இருந்தது, என் கண்ணுக்கு. பெட்டியில் வைத்து மூடி, மகள் ரயிலுக்கு வெளிக்கிடும்போது நானே கையில் கொடுத்தேன். "திறந்து பாக்கட்டோ?" என்றாள். "ரயிலுக்கு நேரமாகுது, போ பிள்ளை" என்று துரத்தினேன்.

அந்த ஒன்றரை வாரம் நான் பட்ட பாடு! துடைத்த யன்னலைத் திரும்பத் துடைத்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவின் அறையை ஒரே நாளில் மூன்று தடவை கூட்டினேன், "உனக்கு இன்றைக்கு என்ன நடந்தது?" என்று அவர் கேட்டார். போன் அடித்தால் ஓடிப்போய் யாரென்று பார்ப்பேன், அடிக்காவிட்டால் போன் வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். மகளுக்கு நானே எடுத்து, சாப்பிட்டியா, குளிருக்குப் போட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

பிறகு ஒரு புதன்கிழமை பின்னேரம் அவளே எடுத்தாள். குரல் சின்னதாக இருந்தது.

"கல்லிலை இருக்கிற மண்ணிலை ஒரு பிரச்சினை அம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு ஆசிரியையோடை கதைக்கவேணும்."

"என்ன பிரச்சினை?"

"அது வேறை மண். ஆரோ பிறகு வைச்ச மண். வேணுமெண்டு செய்தது எண்டால் என்ரை வேலையை அதோடை நிப்பாட்டிப்போடுவினம். படிப்பையும் நிப்பாட்டலாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. நான் பாத்துக்கொள்ளுவன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? "ஓம் பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பழப்புளி, குச்சி, கறிவேப்பிலைச் சாடி, ஒன்றையும் விடவில்லை. அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"இஞ்சேர், உமக்கென்ன விசரோ? இப்பவே போன் எடுத்துச் சொல்லும்."

"போனிலை எனக்குப் பொய்தான் வரும். நேரிலை போறன்."

விடியற்காலை ரயிலில் அவர் என்னை ஏற்றிவிட்டார். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கறிவேப்பிலைச் சாடி மண் கொஞ்சம், நான் பாவித்த பல் பிரஷ், ஒரு உருண்டை பழப்புளி. என் சொல்லை நம்பாவிட்டால் பொருளையாவது நம்பட்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஜட்லாந்து போனது, ஃபூன் தீவு போனது, பெரிய பாலத்தில் கடல் தெரிந்தது. நான் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். எதிரில் இருந்தவரின் மேசையில் ரொட்டித் துகள் கிடந்தது. துடைக்கவேண்டும்போல் கை துறுதுறுத்தது. கையை டப்பாவின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

வழி கேட்டுக் கேட்டு அந்தக் கட்டிடத்தைக் கண்டுபிடித்து நான் மேலே போனபோது மகள் ஒரு கதவுக்கு முன்னால் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"அம்மா! இஞ்சை என்ன செய்யிறியள்? போங்கோ, கீழை போய் நில்லுங்கோ!"

நான் அசையவில்லை. கதவு திறந்தது. ஆசிரியைக்கு என் வயதிருக்கும். நரைத்த முடி, ஸ்வெட்டரில் தூசு. என் டேனிஷ் தாழ்வாரங்களில் பழகிய டேனிஷ், அழகாக வராது. ஆனால் அன்று நிற்காமல் வந்தது. கல்லைக் கழுவினது நான், மண்ணை அடைத்தது நான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தேன். அறை முழுக்கப் பழப்புளி மணந்தது.

ஆசிரியை டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"நேற்று நீ எனக்கு எழுதின கடிதத்தில், இதைச் செய்தது நீ என்று அல்லவா இருக்கிறது?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "நுணுக்குக்காட்டியிலை பாத்தன் அம்மா. மண்ணுக்குள்ளை தேங்காய்த் தும்பு. மஞ்சள்தூள். எறும்புக்கு நீங்கள்தானே கறிவேப்பிலைக்கு மஞ்சள் போடுறனீங்கள். எனக்கு ஆரெண்டு தெரியாதோ?"

தெரிந்துகொண்டே தன் தலையில் போட்டிருக்கிறாள். என் பிள்ளை! அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, முதுகில் ஒன்று போடவும் தோன்றியது. நான் மண்ணைப் பூசி மறைத்தேன், அவள் தன் பெயரைப் பூசி என்னை மறைத்தாள். யாரிடம் பழகினாள் என்று யோசிக்கவே தேவையில்லை.

ஆசிரியை எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கழுவியதற்கு எனக்குக் கவலை. அப்படி ஒரு துண்டு இனி எனக்குக் கிடைக்குமோ தெரியாது. ஆனால் கோபம் அதற்கல்ல" என்று மகளிடம் சொன்னார். "நீ எழுதியதை நான் நம்பினேன். அதற்குத்தான் கோபம்."

மகள் தலையாட்டினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு ஆசிரியை ஒரு தாளை எடுத்து என் பக்கம் திரும்பினார். தண்ணீர் எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம் ஊறியது? பிரஷ் மெதுவானதா, கடினமானதா? இந்தப் பழத்தை எதற்குப் பாவிப்பீர்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். எனக்கு வெட்கம் வந்து போய், பிறகு வெட்கமே இல்லாமல் போய்விட்டது. முப்பது வருடத்தில் நான் எப்படிக் கழுவுகிறேன் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முடிவைச் சொன்னார். அந்தக் கல்லின் மண்ணை இனிப் பாவிக்க முடியாது. மகள் ஆசிரியையின் லாச்சியில் இருக்கிற கழுவின கற்களை வைத்து, கண்ணாடியின் மேற்பரப்பை மட்டும் பார்த்து, பாதி வேலையாகத்தான் செய்யலாம். புள்ளி குறையும். நடந்தது முழுவதையும், கடிதத்தில் எழுதின பொய் உட்பட, தன் அறிக்கையில் எழுதவேண்டும். எழுதினால் தொடரலாம். மகள் எழுதுகிறேன் என்றாள்.

நான் எழும்பும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் புளி கல்லைக் கெடுத்துவிட்டதா?"

ஆசிரியைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். என் கல், துலக்கின கல். உள்ளே பெரிய பள்ளத்தாக்குகள், வழுவழுப்பான சுவர்கள், அதற்குள் சின்னக் குழிகள். "ஒரு மணித்தியாலப் புளி இதை ஒன்றும் செய்யாது" என்றார். "சில அடையாளங்கள் பறக்கும்போது வந்தவை, சிலது உள்ளே இருந்த காற்றுக்குமிழ். ஆனால் இந்த ஆழமான குழிகளும் கோடுகளும் அப்படி வந்தவை அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். அடிபட்டதால் அல்ல. அதற்குப் பிறகு ஈரத்தில் நெடுங்காலம் கிடந்ததால்."

நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னோடு ரயில் நிலையம் வரை வந்தாள். மேடையில் நின்றபோதுதான் வெடித்தாள்.

"கழுவினது பரவாயில்லை அம்மா. உங்களுக்குத் தெரியாது. ஏன் திரும்ப மண்ணை வைச்சனீங்கள்? ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? உங்களை எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது எண்டு நான் ரெண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை!"

அவள் சொன்னது நியாயம். சொல்லாத இன்னொன்றும் என்னிடம் இருந்தது, அதையும் அன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. கையை அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

"இது சண்டையிலை வந்ததில்லை, பிள்ளை. எனக்கு அங்கை ஒரு கீறலும் விழேல்லை. இஞ்சை வந்து கழுவிக் கழுவி வந்தது. கையுறை போடச் சொன்னவை, நான் போடேல்லை. உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் என் கையைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கட்டுரை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும், வகுப்பில் எழுந்து நின்று வாசித்தது. முகத்தில் கோபம் வந்து, போய், திரும்ப வந்தது. நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, பெருவிரலின் வெடிப்பை நகத்தால் மெல்லத் தடவினாள்.

"முதல் எந்த இடத்திலை வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒரு பள்ளிக்கூடம். நீ பிறக்க முந்தி."

"என்ன மருந்து போட்டுக் கழுவினது? சுடுதண்ணியிலயோ? ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம்?"

நான் சொல்லத் தொடங்கினேன். வைலே போகும் ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறினார்கள், கதவுகள் மூடின. நான் அப்போது இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருந்தேன். ரயில் போய்விட்டது. அடுத்தது வர இன்னும் நேரம் இருந்தது, நாங்கள் இருவரும் மேடையில் இருந்த நீள வாங்கிலில் போய் உட்கார்ந்தோம்.